நெல் விட்டுவைத்த ஈரம்

தை மாதத்தின் பின்பாதி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காற்றில் லேசாக உப்பு வாடை கலந்திருக்கும் கடைமடைப் பகுதி. கதிர் பழுத்துத் தலைசாய்ந்து நிற்கும் சம்பா வயலுக்குள் ஒருவர் இறங்குகிறார். கையில் அரிவாள் இல்லை. இடுப்பில் அணைத்த கூடையில் உளுந்து இருக்கிறது. வரப்போரமாகத் தொடங்கி, நெல்லை மிதித்துவிடாமல் கால் மாற்றிக் கால் வைத்து நடந்தபடி, கைப்பிடி கைப்பிடியாக வீசிக்கொண்டே போகிறார். விழுந்த விதை கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ந்துவரும் நெல்தாள்களில் பட்டு அது சிதறும் சத்தம் மட்டும் கேட்கிறது. இன்னும் ஒரு வாரம், பத்து நாளில் அறுக்கப்போகிற வயலில் அடுத்த பயிரை விதைத்துவிட்டு அவர் கரையேறுகிறார்.

வேளாண்மைத் துறையின் ஏடுகளில் இதற்கு ‘நெல் தரிசு உளுந்து’ என்று பெயர். பெயர்தான் பொருந்தவில்லை. அந்த வயல் ஒரு நாள்கூடத் தரிசாகக் கிடப்பதில்லை. நெல் நிற்கும்போதே உளுந்து முளைத்துவிடுகிறது. சில நாட்களுக்கு இரண்டு பயிரும் ஒரே மண்ணில் குடியிருக்கின்றன, ஒன்று வீட்டைக் காலிசெய்யவும் மற்றொன்று சாமான் இறக்கவுமாக.

பொங்கல் முடிந்தால் உழவர் வீட்டுக்கு ஓய்வு என்று நகரத்தில் ஓர் எண்ணம் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனி. குளிர்காலத்தின் கடைசிப் பகுதி அது. காவிரி டெல்டாவில் அந்தப் பருவத்தை அருகிருந்து பார்த்தால் ஓய்வு எங்கும் தென்படாது. ஆண்டின் மிக நெருக்கடியான எட்டு, பத்து வாரங்கள் அவை. நெல் வீடு வந்து சேர வேண்டும், வைக்கோல் மழையில் நனையாமல் போக வேண்டும், கடன் தீர வேண்டும். இத்தனைக்கும் நடுவில், யாரும் தண்ணீர் பாய்ச்சாத ஒரு பயிர் தானாக வளர்ந்து பணமாக வேண்டும். நெல் விட்டுச்சென்ற ஈரம், நெல் விட்டுச்சென்ற உரம், நெல் விட்டுச்சென்ற நாட்கள். இந்த மிச்சங்களை நம்பித்தான் உளுந்து நிற்கிறது. அந்த மிச்சங்களில் முதலில் குறைந்தது ஈரமல்ல, நாட்கள்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுகிறது. ஆற்றில் தண்ணீர் நிற்கும் சமயத்தில்தான் உளுந்தின் வாழ்க்கை தொடங்குகிறது என்று சொல்லலாம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை விதைப்புக்கு ஏற்ற காலம். அதற்குள்ளும் எந்த நாள் என்பதைக் காலண்டர் சொல்லாது, மண்தான் சொல்லும். வேளாண் அலுவலர்களும் விவசாயிகளும் ஒரேபோலப் பயன்படுத்தும் ஒரு சொல் இருக்கிறது: மெழுகு பதம். காலை வைத்தால் தடம் விழ வேண்டும், கால் புதையக் கூடாது. அதைவிட ஈரம் மிகுந்தால் விதை அழுகும். குறைந்தால் முளைக்காது. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபிய நுண்ணுயிரைக் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி வைத்திருப்பார்கள். ஆடுதுறை 3, ஆடுதுறை 6 என்று ரகங்களின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. 1922இல் ஆடுதுறையில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் நெல்லுக்கு மட்டும் உழைக்கவில்லை, நெல்லுக்குப் பின்னால் வருவதற்கும் சேர்த்தே உழைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்தின் ரகங்களும் டெல்டா வயல்களில் உண்டு. பெரும்பாலானவை 65 முதல் 75 நாட்களில் முடிந்துவிடும். வெயில் முற்றி மண் பாளமாக வெடிப்பதற்குள் ஓடி முடிக்க வேண்டிய ஓட்டம் அது.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் இந்த ஏற்பாடு ஒரு கடிகாரம்போல ஓடியது. விதைத்த ஏழு முதல் பத்து நாளில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அறுப்பு ஆட்கள் வரிசையாக இறங்கினால் சில செடிகள் மிதிபடும். ஆனால் மனிதக் காலின் எடையை அந்த இளம் தண்டு தாங்கிக்கொள்ளும், மண்ணில் சரியாகப் பதியாத விதையை அந்தக் காலே அழுத்திவிடும். அரி அரியாகக் கிடந்த கதிர், கட்டாகக் களத்துக்குப் போய்விடும். மறுநாள் காலை பார்த்தால், அறுத்த தாள்களின் நடுவே வயல் பச்சையாகத் தெரியும்.

அறுவடை இயந்திரம் வந்தபோது இந்தக் கடிகாரத்தின் முள் பிசகியது. இயந்திரம் இல்லாமல் இன்று டெல்டாவில் சம்பா அறுவடை என்பதே அரிது. ஆளுக்குத் தட்டுப்பாடு, கூலி, எப்போது வருமோ என்ற மழை பயம் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரத்தில் அது பதில் சொல்லிவிடுகிறது. அதன்மீது யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இயந்திரத்துக்கும் உளுந்துக்கும் மண்ணின் பதத்தில் ஒத்துப்போவதில்லை. வண்டி புதையாமல் ஓட வயல் இறுகியிருக்க வேண்டும், அதற்காகப் பல நாட்கள் முன்னதாகவே தண்ணீரை வடிக்க வேண்டும். உளுந்துக்கோ மெழுகு பதம் வேண்டும். வயலை இறுக விட்டால் விதை முளைக்காது. ஈரமாக விட்டால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டி இறங்கும், ஆனால் சேற்றைக் குழப்பிப் பள்ளம் போட்டுவிட்டுப் போகும். முளைத்த செடிமேல் பெல்ட் ஓடினால் அந்த அகலத்துக்குச் செடி இல்லை. போதாததற்கு, இயந்திரம் துப்பும் வைக்கோல் நீள நீளமான வரிகளாக விழுந்து, அடியில் இருக்கும் முளையை வெளிச்சம் படாமல் மூச்சடைக்க வைக்கிறது. அதை அள்ள வைக்கோல் கட்டும் இயந்திரத்தை அழைத்தால், அதற்கும் சக்கரங்கள் இருக்கின்றன.

இதற்கு ஒரே விடை இல்லை, குடும்பத்துக்கு ஒரு விடை இருக்கிறது. பழைய வழக்கப்படி பத்து நாள் முன்னதாக வீசாமல், வண்டி இறங்குவதற்குச் சற்று முன்னால் விதைப்பவர்கள் உண்டு. விதை முளைக்காமல் இருக்கும்போது பெல்ட் ஏறினால் சேதம் குறைவு. விதையளவை ஏக்கருக்கு ஓரிரு கிலோ கூட்டிக்கொள்வார்கள். சிலர் அறுவடை முடிந்த கையோடு வீசிவிட்டு, வரப்பை வெட்டி ஒரு தண்ணீர் கட்ட வாய்க்காலில் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போவார்கள். வண்டி என்றைக்கு வரும் என்பது வண்டிக்காரருக்கே தெரியாது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ஊர் ஊராக நகரும் இயந்திரத்துக்கு இடைத்தரகர் ஒருவர் இருப்பார். அவருக்குப் போன் மேல் போன் போகும். “அண்ணே, நாளைக்கு நம்ம பக்கம் திரும்பிடுமா? விதையைத் தெளிக்கணும், அதான் கேக்குறேன்” என்று காலையிலும், அதையே மாலையிலும். நாளை என்று சொன்ன வண்டி நான்கு நாள் கழித்து வந்தால், தெளித்த விதை அதற்குள் முளைத்துவிடும். பயிர் அறிவியல் எழுதிய அட்டவணை ஒரு தரகரின் கைபேசியில் மாட்டிக்கொள்கிறது.

அந்த நாட்களில் ஒரு வீடு எப்படி இயங்கும் என்பதைப் பார்க்கலாம். ஒரு மாதிரிக் குடும்பம்: கணவன், மனைவி, கணவனின் தாய், பிளஸ் டூ படிக்கும் மகள், இரண்டு கறவை மாடுகள், ஐந்தரை மா நிலம். டெல்டாவில் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இதே ஐந்தரை மா. அகில இந்தியச் சராசரி 1.08 ஹெக்டேர். எனவே இது ஏழைக் குடும்பத்தின் கதையென்றோ விதிவிலக்கென்றோ ஒதுக்கிவைக்கத் தக்கதல்ல. மாநிலத்தின் நடுமையம் இதுதான்.

விடியுமுன் ஐந்து மணிக்கு மாட்டுக்கொட்டகையில் விளக்கு எரிகிறது. பாலைக் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வரும் வழியில் பனியில் தலை நனைந்துவிடுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. தஞ்சைச் சமவெளியில் குளிர் அப்படி ஒன்றும் எலும்பைத் துளைப்பதில்லை, ஆனால் நனைப்பது நிஜம். வெயில் ஏறுவதற்குள் கிழவி வீட்டைப் பெருக்கி, சாணம் தெளித்து, மாட்டுக்குப் புது வைக்கோல் உதறிப் போட்டுவிடுகிறார். புது வைக்கோலைக் கண்டால் மாடு பழையதைத் தொடாது. மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அறுவடையும் தேர்வும் ஒரே சமயத்தில் வரும்படி அமைந்துவிட்ட கல்வி நாட்காட்டி, உழவர் வீட்டைக் கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு நெல்லைத் திறக்கிறார்கள். அறுத்த நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவியலாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய். நிலையம் ஏற்கும் ஈரப்பதத்தின் உச்சவரம்பு பொதுவாக 17 விழுக்காடு. இயந்திரம் அறுத்த நெல் பெரும்பாலும் அதைவிட ஈரமாகவே இருக்கும். எனவே தார்ப்பாயை விரித்து, நெல்லைப் பரப்பி, காலால் கீறிக் கீறிக் கிளறி, மாலை நான்கு மணிக்குக் கூட்டிக் குவித்து, ஐந்து மணிக்கு மூடிவிட வேண்டும். தாமதித்தால் பகலெல்லாம் வெயில் எடுத்த ஈரத்தை இரவுப்பனி திரும்பக் கொடுத்துவிடும். இதிலொரு வேடிக்கை இருக்கிறது. நிலைய வாசலில் பனி விழக் கூடாது என்று நெல்லை மூடும் அதே கை, அரை மைல் தள்ளியிருக்கும் வயலில் பனி நன்றாக விழ வேண்டும் என்று உளுந்தைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே வானத்திடம் ஒரே குடும்பம் ஒரே இரவில் இரண்டு எதிரெதிர் வேண்டுதல்களை வைக்கிறது.

வரிசையில் முறை வரும்வரை யாராவது ஒருவர் குவியலருகே படுக்க வேண்டும். ஓரிரவும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். கொசுவர்த்தி, போர்வை, ஒரு டார்ச், தூக்குவாளியில் சாப்பாடு. பக்கத்துக் குவியல்காரரோடு பேச்சு. எந்தத் தெருவில் செடி நன்றாகக் கிளம்பியிருக்கிறது, எங்கே மஞ்சள் விழுந்திருக்கிறது என்ற சேதியெல்லாம் கைமாறுவது இங்கேதான். எந்தப் பயிற்சி முகாமிலும் இந்த அளவுக்குச் செய்தி பரவுவதில்லை.

பனியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ‘பனியிலேயே விளையும் பயிர்’ என்று உளுந்தைப் பற்றிச் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, கணக்குப் போட்டால் பாதிதான் உண்மை. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. கடலிலிருந்து வந்த ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த இலையில் பட்டு நீராகிறது. இப்படி ஓர் இரவில் சேரும் நீர் பொதுவாக அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர். மாசி வெயில் ஒரு பகலில் 4 மில்லிமீட்டர் நீரை எடுத்துக்கொள்கிறது என்றால் அது ஏக்கருக்கு 16,000 லிட்டர். வரவு எண்ணூறு, செலவு பதினாறாயிரம். பனியை மட்டும் நம்பிய எந்தப் பயிரும் இந்தக் கணக்கில் பிழைக்காது.

உளுந்தை நிறுத்துவது வண்டல் களியில் நெல் விட்டுப்போன ஈரம். களிமண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பயிருக்குப் பயன்படும் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் கீழே இறங்க இறங்க, வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும். பனி செய்வது வேறு வேலை. விடிந்தபின் ஓரிரண்டு மணி நேரம் இலை நனைந்திருப்பதால் செடி தன் சேமிப்பைத் தொடாமல் இருக்கிறது. தினமும் இப்படிக் கிடைக்கும் இரண்டு மணி நேரச் சலுகை, எழுபது நாள் பயிருக்குச் சிறிதல்ல. இலையில் தங்கும் அதே ஈரப்பதமும் குளிர்ந்த இரவும் சாம்பல் நோய்க்கும் இடம் கொடுக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மாவைத் தூவியதுபோல் இலை வெளுத்தால் அந்த நோய் வந்துவிட்டது என்று பொருள்.

செடிக்கு உரம் மண்ணில் போட முடியாது, கரைத்துக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. எனவே இலைவழி. பூக்கும் சமயத்தில் டி.ஏ.பி.யை முதல் நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, இரண்டு விழுக்காட்டுக் கரைசலாக அடிப்பார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’ கிடைத்தால் அது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று கையேட்டில் ஒரு வரியில் எழுதிவிடலாம். வாய்க்கால் வற்றிய மாசியில் அந்த 200 லிட்டரை இரண்டு வயல் தள்ளியுள்ள குட்டையிலிருந்து குடம் குடமாகத் தூக்குபவர் மனைவி. பத்து லிட்டர் தெளிப்பானை இருபது முறை நிரப்பி முதுகில் ஏற்றுபவர் கணவர். வெயில் தாழ்ந்தபின் தொடங்கினால் முடிக்கும்போது இருட்டிவிடுகிறது. ஐந்தரை மாவுக்கு இரண்டு மாலைகள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. இதற்கிடையே வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் கண்ட செடியைப் பிடுங்கிப் புதைக்க வேண்டும். ஒரு செடிதானே என்று விட்டால் பத்து நாளில் வயல் மஞ்சள் துணி விரித்ததுபோல் ஆகிவிடும்.

இந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ் 1920களில் தம் நாட்டுக் குடியானவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துச் சொன்ன ஒரு கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. குடும்ப விவசாயம் லாபநட்டக் கணக்கில் ஓடுவதில்லை. குடும்பத்தின் தேவைக்கும் உடம்பு தாங்கும் உழைப்புக்கும் இடையில் ஓர் இடத்தில் நிற்கிறது. தன் ஆளுக்குக் கூலி போடாததால்தான் பெரிய பண்ணை கைவிடும் வேலையைச் சின்னக் குடும்பம் செய்கிறது. இந்தியாவின் குறைந்தபட்ச ஆதரவு விலைக் கணக்கிலும் கைச்செலவோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்க்கும் ஒரு முறை உண்டு, அதன் ஒன்றரை மடங்குதான் விலைக்கு அடிப்படை என்று 2018-19 முதல் அறிவிக்கப்படுகிறது. காகிதத்தில் கூலி சேர்ந்துவிடுகிறது. குடம் தூக்கிய தோளுக்கு அது எந்தக் கிழமையில் வந்து சேருகிறது என்பது வேறு.

2025-26 கொள்முதல் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் பொதுரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்னரகத்துக்கு 2,545. அந்த ஆண்டு உளுந்துக்கு ஆதரவு விலை 7,800. ஏக்கருக்கு 20 குவிண்டால் நெல் என்று கொண்டால் 50,000 ரூபாய். உளுந்து இரண்டு குவிண்டால் என்று கொண்டால் 15,600. ஒப்பிட்டால் உளுந்து சின்னப் பையன். ஆனால் நெல்லுக்கு உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, வண்டி வாடகை என்று ஆறு மாதமாகப் பணம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்றே, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருக்கும் நகையை மீட்கவும், உரக்கடை நிலுவையைத் தீர்க்கவும் கிளம்பிவிடுகிறது. உளுந்துக்குப் போட்டது விதையும் இரண்டு தெளிப்பும்தான். அந்தப் பதினைந்தாயிரத்தில் பெரும்பகுதி கையில் நிற்கும். நெல் ஊருக்கு, உளுந்து வீட்டுக்கு என்று சொன்னால் தவறாகாது. மகளின் கல்லூரி விண்ணப்பம், கோடையில் ஒரு கல்யாண மொய், கூரைக்கு நான்கு தகரம் எல்லாம் உளுந்துக் கணக்கில் வருபவை.

அந்த விலையும் வயலில் முடிவாவதில்லை. இந்தியாவுக்கு உளுந்து அனுப்பும் நாடுகளில் முதலிடம் பர்மாவுக்கு. 2021 மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாட்டை ஒன்றிய அரசு தளர்த்தியது. நகரத்து இட்லிக்கு அது நல்லது. திருத்துறைப்பூண்டியில் பங்குனி மாதம் மூட்டையைக் கட்டுகிறவருக்கு, யாங்கோன் துறைமுகத்தில் அந்த வாரம் எத்தனை கப்பல் ஏறியது என்பதும் ஒரு பருவநிலைச் செய்திதான்.

‘குடும்பப் பண்ணை’ என்ற தொடரை இந்த வட்டாரத்தில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பண்ணை என்றால் இங்கே பெருநிலக்காரர் வீடு. பண்ணையாள் என்றால் அந்த வீட்டுக்குப் பிறந்ததிலிருந்து கட்டுப்பட்டவர். ஐந்தரை மாக்காரர் தன் நிலத்தை ‘நம்ம வயல்’ என்பாரே தவிரப் பண்ணை என்று வாய்தவறியும் சொல்லமாட்டார். கீழத்தஞ்சையில் தன் நிலத்தில் தானே உழைக்கும் சிறு குடும்பம் என்பது பெருமளவுக்கு அண்மைக்கால நிகழ்வு. 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961இன் நில உச்சவரம்புச் சட்டம், 1970இல் அந்த உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது, இவற்றுக்கெல்லாம் முன்னும் பின்னும் நடந்த போராட்டங்கள் என்று அதற்கு நீண்ட பாதை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இந்தப் பாதையில்தான். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் தொடங்கிய ‘லாஃப்டி’ இயக்கம், நிலவுடைமையாளர்களிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கராகப் பிரித்து, பெண்கள் பெயரில் பதிவு செய்தது. ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு நெல் மட்டும் போட்டால் கட்டுப்படியாகாது. உளுந்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு இறங்கும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது பயிர் உபரி வருமானமல்ல. நிலத்தை விற்காமல் வைத்திருக்க உதவும் காரணங்களில் ஒன்று.

ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்கு மாசியில் வேறு வழிகள் இருக்கின்றன. தரிசுப் பருத்தி போடலாம், கோடை நெல்லும் போடலாம். கடைமடையில் பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். அங்கே உளுந்தும் பயறும்தான். நெல்லுக்குப் பின் வேறு எதையும் கேட்காத பயிர், வேறு எதுவும் இல்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உளுந்து விதைக்காத வயல்களுக்கும் விருந்தாளி உண்டு. வாத்து மந்தைகள் உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வரும். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நடந்துவந்து, இரவில் வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப்புழுக்கையும் சிறுநீரும் அடுத்த நெல்லுக்கு உரம். உளுந்தும் வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து, உதிரும் இலையால் மண்ணுக்கு ஏதோ கொடுத்துவிட்டுத்தான் போகிறது. ஆக அடுத்த போகத்துக்கு உரம் சேர்க்க இரண்டு பாதைகள், அவை இரண்டும் ஒரே வயலில் ஒரே மாதத்தில் சந்திக்க முடியாது. மந்தை நுழைந்தால் உளுந்து இல்லை. அறுத்த வயலில் அவிழ்த்துவிட்ட ஊர் மாடும் இதே தொல்லைதான். உளுந்து முளைத்த பிறகு மாட்டைக் கட்டிப்போட வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு வைப்பதுண்டு. கட்டுப்பாடு எழுத்தில் இருக்கும். பகல் முழுவதும் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து மாட்டை விரட்டுவது கிழவி.

பருவம் தவறி வரும் மழைதான் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த கனமழையில் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வங்கக்கடலில் உருவாகி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் டெல்டாவின் அறுவடை வயல்களைத் தண்ணீரில் நிறுத்தியது. மாநில அரசு அப்போது, 33 விழுக்காட்டுக்கு மேல் பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாயும், பாதித்த இளம் பயறு வகைகளுக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாயும் அறிவித்தது. மறுபடி விதைக்க எட்டு கிலோ பயறு விதை பாதி விலையில். அந்த அறிவிப்பின் தொகையைவிட, அதில் உளுந்துக்கு ஒரு தனி வரி இருந்தது கவனிக்கத்தக்கது. நெல்லின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் முளைத்திருந்த பயிரை அரசாணை பார்த்துவிட்டது. ஆனால் பாதி விலையில் வாங்கிய விதையை எங்கே வீசுவது? அதற்குள் மாசி நெருங்கிவிடும். நெல் இன்னும் தண்ணீரில். அது வடிந்து, வண்டி இறங்கி, வைக்கோல் போய், மண் மெழுகு பதத்துக்கு வருவதற்குள் பின்பனியில் பாதி கழிந்திருக்கும்.

தப்பித்த ஆண்டுகளில் பங்குனி நடுவில் செடி பழுக்கத் தொடங்குகிறது. இலை மஞ்சளாகி உதிர, நெத்து ஒவ்வொன்றாகக் கறுக்கிறது. எல்லாம் ஒன்றுபோல் முற்றுவதில்லை. அடிநெத்து வெடிக்கும் பதத்தில் இருக்கும்போது நுனியில் இன்னும் பச்சை தொங்கும். முழுதும் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியது மண்ணுக்குப் போகும். அவசரப்பட்டால் சுருங்கிய உளுந்து. இந்த முடிவை வீட்டில் எடுப்பவர் பெரும்பாலும் கிழவிதான். நான்கைந்து நெத்துகளைக் கையில் நசுக்கிப் பார்த்துவிட்டு நாளைக்கு என்கிறார்.

மறுநாள் மூன்று பெண்களும் நிலா வெளிச்சத்திலேயே வயலுக்குப் போய்விடுகிறார்கள். மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. பின்பனியின் கடைசிப் பனி செடியில் இருக்கிறது. நனைந்த நெத்து வளையும், வெடிக்காது. குனிந்து, செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேர்கள் ஒரே பக்கம் இருக்கும்படி சிறு சிறு குத்தாக வைத்துக்கொண்டே நகர்கிறார்கள். பிடுங்கிய இடத்தில் மண் ஏற்கெனவே விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது. எட்டரை மணிக்குப் பனி போய்விட்டது. ஒன்பது மணிக்கு, பிடுங்கப் போன கையில் ஒரு நெத்து டக்கென்று வெடித்து உளுந்து தெறிக்கிறது. கிழவி நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொள்கிறார். மீதியை நாளை விடியலில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூவரும் கரையேறுகிறார்கள்.